நீ படத்தைப் பார்த்துப் பயப்படவில்லை

ஆவுடை, உன் கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. ஏழெட்டு வரிதான் எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து பேய்ப்படம் போட்டார்கள், கோமு முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள், அன்றிலிருந்து தூக்கத்தில் கத்துகிறாள், வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று தெருப்பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லுகிறாள் என்று எழுதியிருந்தாய். உன் மாமியார் வெள்ளிக்கிழமை அவளை இங்கே கூட்டிவந்து அம்மன் சன்னதியில் பேய் இறக்குகிற சக்கரத்தின் மேல் உட்கார வைக்கப் போவதாகவும், அது இறங்கும் வரை பள்ளிக்கூடம் வேண்டாம் என்று புத்தகப் பையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கடைசி வரி இது: "எனக்கு வந்த அதே கோளாறு என் பிள்ளைக்கும் வந்துவிட்டது. இது வயிற்று வழியாக வருமா அம்மா?" அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்று வழியாக வராது. உனக்கு அந்தக் கோளாறு ஒருநாளும் வந்ததில்லை. அது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக்கு அஞ்சுகிறவள் இல்லை. இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், வந்த கடிதத்தைப் படித்தும் சொல்லுகிறேன். சாவுச் செய்தி, பெண் பார்க்க வரும் செய்தி, சண்டைக் கடிதம் எல்லாம் எழுதிய கைதான். இந்த ஒன்றை எழுதத்தான் கை வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நீ இதை முழுக்கப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு உன் மாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே முடிவு செய். நடுவில் என்மேல் கோபம் வந்து கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

என் சினிமாப் பைத்தியம் உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொன்னதில்லை. சாமி படம், குடும்பப் படம் எல்லாம் உன் ஆச்சியோடு, அதாவது என் மாமியாரோடு, ஊரறியப் போய்ப் பார்ப்பேன். அழ வேண்டிய இடத்தில் அழுதுவிட்டு வருவேன். எனக்குப் பிடித்தது அது இல்லை. ஒரு தமிழ்ப்படம் ஓடி முடிந்து அடுத்த படம் வருவதற்குள் இரண்டு மூன்று நாளைக்குக் கொட்டகையில் பழைய இங்கிலீஷ் படம் ஏதாவது ஓட்டுவார்கள். சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வருகிறவன், ஊரையே தின்னுகிற எறும்பு, கண்ணாடிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிலாவில் நடக்கிறவன், இப்படி. போஸ்டரில் பாதி கிழிந்து பல்லும் நகமும் மட்டும் தெரியும். அதைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். உன் அப்பா அந்தப் படங்களுக்குப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். குடும்பப் பெண் பார்க்கிற படமா அது என்பார். அவர் தறி ஷெட்டுக்குப் போன பிறகு, உன் ஆச்சி மத்தியானம் கண்ணசரும் நேரத்தில், பக்கத்து வீட்டு இசக்கியக்காவைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போவேன். கோயிலுக்குப் போனேன் என்று சொல்லுவேன். கோயில் இருக்கிற ஊரில் அது ஒரு வசதி, யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

பெண்கள் பக்கம் ஐந்தாறு பேர்தான் இருப்போம். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் படித்தவள் என்று பெயர். "ஏட்டி, அவன் என்ன சொல்லுதான்?" என்று இசக்கியக்கா கேட்டாள் என்றால் நான் சும்மா இருக்க முடியுமா. நிலாவில் ஒருவன் தனியாக நடக்கிறான். "பொண்டாட்டிகூட சண்ட போட்டுட்டு வந்திருக்கான்க்கா. இனி ஊருக்கே வரமாட்டேன்னு சொல்லுதான்." இசக்கியக்கா உச்சுக் கொட்டுவாள். "பாவம், அங்கன அவனுக்கு யாரு சோறு பொங்கிப் போடுவா." அடுத்த வரிசையில் இருக்கிற பெண்கள் மணலில் விரித்திருந்த கோணியை இழுத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்காருவார்கள். படத்தில் நடப்பதற்கும் நான் சொல்லுவதற்கும் என்ன சம்பந்தம் இருந்ததோ தெரியாது. ஆனால் நான் சொன்ன கதையில் ஓட்டை இருக்காது. பேய் ஏன் வந்தது, யார்மேல் வந்தது, எப்படிப் போகும் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

ஏன் அப்படிப் பயந்து பார்க்க வேண்டும் என்று நீ கேட்பாய். வீட்டில் பயப்படாத நாள் உண்டா ஆவுடை? அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்து இன்றைக்கு என்ன மனநிலை என்று கணக்குப் போட வேண்டும். உன் ஆச்சி குழம்பைத் தொட்டு நாக்கில் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பயமெல்லாம் எப்போது முடியும் என்று தெரியாது. கொட்டகையில் பயம் இரண்டு மணி நேரம்தான். எவ்வளவு பெரிய பூதம் வந்தாலும் கடைசியில் விளக்கைப் போட்டுவிடுவார்கள், நாங்கள் கோணியை உதறி மடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வெளியே வருவோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் போனேன்.

அன்றைக்கு மட்டும் கோணியை உதறவில்லை.

உனக்கு அப்போது ஏழு வயது, இப்போது கோமுவுக்கு இருக்கிற வயது. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. மழையால் பள்ளிக்கூடம் விடுமுறை. உன்னை வீட்டில் விட்டுப் போனால் ஆச்சியிடம் உளறிவிடுவாய் என்று உன்னையும் கூட்டிப்போனேன். தரை டிக்கெட் மணல் எல்லாம் ஈரம். கோணியை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். அந்தப் படத்தில் வானத்திலிருந்து ஏதோ ஒன்று ஒரு குளத்தில் விழுகிறது. அந்தக் குளத்தில் குளித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், ஆனால் அவர்களுக்கு நிழல் விழவில்லை. ஒரு சின்னப் பெண்தான் அதைக் கண்டுபிடிக்கிறாள். தன் தாயின் பாவாடையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொல்லுகிறாள். தாய் கேட்கவில்லை. நான் இசக்கியக்காவுக்குக் கதை சொல்லுவதைக்கூட நிறுத்திவிட்டேன். அந்தத் தாய்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அந்தப் பெண் குளக்கரையில் தனியாக நின்று குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது நீ அலறினாய். நான் அதுவரை அப்படி ஒரு சத்தம் உன்னிடமிருந்து கேட்டதில்லை. ஒரு நொடி எல்லோரும் அரண்டு போய், பிறகு கொட்டகையே சிரித்தது. ஆண்கள் பக்கமிருந்து ஒருவன், "ஏலே, யாரு வீட்டுப் பிள்ளைலே அது, பேயே பயந்து ஓடிரும் போலருக்கே" என்றான். நான் உன் வாயைப் பொத்தினேன்.

"சும்மா இரு ஆவுடை. அது வெறும் படம்."

"அம்மா, காலு" என்றாய் என் கைக்குள்ளிருந்து.

"மரத்துப் போச்சுன்னா மாத்தி மடக்கி வச்சுக்க. சத்தம் போட்டேன்னா இனிமே கூட்டியாற மாட்டேன்."

இதுதான் நான் சொன்னது. பதினெட்டு வருடத்தில் இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வாய் திறக்கவில்லை. படம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. உன் கை என் கைக்குள் இருந்தது, சில்லென்று, வேர்வையில் நனைந்து. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் பிள்ளைக்கும் என்னை மாதிரியே உள்ளங்கை வேர்க்கிறது என்று தோன்றியது. சந்தோஷப்பட்டேன்.

விளக்கு போட்டதும் அவசரமாக எழுந்தோம், உன் ஆச்சி விழித்துவிடுவாள் என்று. கோணியை அப்படியே சுருட்டி இசக்கியக்கா கையில் கொடுத்துவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். நீ ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தாய். அடிபம்பு அருகில் வாந்தி எடுத்தாய். "படம் பிள்ளைக்கு ஒத்துக்கல" என்றாள் இசக்கியக்கா. வீட்டுக்குள் நுழைந்ததும் உன் ஆச்சி உன் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்து, முடி எல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது.

"எங்கன போயிருந்திய?"

"கோயிலுக்கு அத்தை."

"வழியில எங்கயும் நின்னாளா?"

நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "புளியமரத்துக்கிட்ட கொஞ்ச நேரம் தனியா நின்னா."

அவ்வளவுதான். அந்தப் புளியமரத்தை நான்தான் நட்டேன் ஆவுடை, ஒரே வாக்கியத்தில். உன் ஆச்சி மடமடவென்று வேப்பிலை ஒடித்து வந்தாள். கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து உன் நெற்றியில் பூசினாள், வாயில் ஊற்றினாள். உனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நெஞ்சு மேல் கை வைத்தால், கூட்டுக்குள் அடைத்த குருவி மாதிரி அடித்துக்கொண்டது. கையும் காலும் பனிக்கட்டி. உன் அப்பாவைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. ஈரத்தரையில் கிடக்கிறாயே என்று, இசக்கியக்கா வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்த கோணியை எடுத்து உனக்குக் கீழே விரிப்பதற்காக உதறினேன். மடிப்பிலிருந்து அது விழுந்தது. செந்தேள். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. வால் நசுங்கி, கால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உன் ஆச்சி அப்போது விளக்கு ஏற்ற உள்ளே திரும்பியிருந்தாள். நான் கத்தியிருக்க வேண்டும். தேள், தேள் கொட்டியிருக்கிறது என்று தெருவையே கூட்டியிருக்க வேண்டும். கோணி எங்கே விரித்தாய் என்று கேட்பார்கள். கோயிலுக்குக் கோணி எதற்கு என்று கேட்பார்கள். இசக்கியக்காவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தறி ஷெட்டிலிருந்து வருகிற மனிதர் முன்னால் நான் என்ன சொல்லிக்கொண்டு நிற்பேன்? அம்மிக் குழவியை எடுத்து அதை நசுக்கினேன். சாம்பலோடு சேர்த்து அள்ளி அடுப்புக்குள் போட்டேன். உன் ஆச்சி வந்து, "என்னட்டி சத்தம்?" என்றாள். "கரப்பான்" என்றேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் உலை வைத்திருந்தது. அது கொதித்து, அரிசி போட்டு, அரிசி வேகிற வரைக்கும். உன் அப்பா வந்தார், விபூதி போடுகிறவரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பிறகு உன் வாய் ஓரத்தில் நுரை வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மற்ற பயம் எல்லாம் விட்டுப் போனது. உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "கூறுகெட்டவளே, எறக்காம எங்கட்டி தூக்கிட்டுப் போற?" என்று உன் ஆச்சி பின்னால் சத்தம் போட்டாள். உன் அப்பா பின்னாலேயே ஓடி வந்தார்.

அவரைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு டாக்டர் காதில் தேள் விஷயத்தைச் சொன்னேன், வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எப்பம்மா கொட்டுச்சு?"

"மூணே முக்கா, நாலு மணி இருக்கும்."

சுவரில் மணி ஆறரை. ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நீ கண் திறந்து தண்ணீர் கேட்டபோது அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். விஷக்கடியில் பிழைத்தவர்கள் வெள்ளித் தகட்டில் தேளோ பாம்போ உருவம் வாங்கி அம்மனுக்குப் போடுகிறது நம் ஊர் வழக்கம் அல்லவா, என் பிள்ளை எழுந்து நடக்கட்டும், தேள் உருவம் வாங்கிப் போடுகிறேன் என்று. நீ எழுந்து நடந்தாய். வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன் ஆச்சிதான் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில காய்ச்சலத்தான் எறக்குவாங்க. ஏறினத யாரு எறக்குவா?" அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் சக்கரத்தில் உட்கார வைத்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மன்மேல் ஒரு குறையும் இல்லை. அவள் சன்னதியில் பொய்யோடு நின்றவள் நான். இடுப்பில் முடிந்து வைத்திருந்த வெள்ளித்தேளை உண்டியலில் போடக் கை நீட்டினேன். உன் ஆச்சி பக்கத்திலேயே நின்றாள். தேள் எதற்கு என்று கேட்பாளே என்று திரும்ப முடிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் செத்த பிறகு அம்மனோடு தீர்த்துக்கொள்வேன் என்று விட்டிருப்பேன். முடியவில்லை. புளியமரத்துப் பிள்ளை என்று தெருவில் உனக்குப் பெயர் வந்தது. பொழுது சாய்ந்தால் வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். கையில் ஒரு கயிறு, இடுப்பில் ஒரு கயிறு. நீயும் அதை நம்பினாய். தும்மினால்கூட, "அம்மா, மறுபடி வருதோ?" என்று கேட்பாய். இல்லை மக்கா என்பேன், ஏன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் நீதான் முதல் மாணவி. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் புளியமரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று உன் அப்பா நிறுத்திவிட்டார். டீச்சர் வீடு தேடி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய நிறுத்தாதிய. நல்லாப் படிக்கிற பிள்ள" என்று வாசலில் நின்று கேட்டாள். உன் அப்பா, "படிப்பு கெடக்கட்டும் டீச்சர், பிள்ள உசுரோட இருந்தாப் போதும்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ படித்திருப்பாய். டீச்சருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உன்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடம் அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் போனது. உன் மாமியார் வீட்டார், சிவகிரிக்காரர்கள், அம்மன் இறக்கிவிட்ட பிள்ளைதானே என்று ஒத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே தாய்க்கு இருந்தது பிள்ளைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சொன்ன கதையைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். ஓட்டை இல்லாத கதை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். இசக்கியக்காவும் நானும் மறுபடி அதே மணலில் உட்கார்ந்து, ஒருவன் மண்ணுக்குள்ளிருந்து கையை நீட்டுவதைப் பார்த்தோம், சிரித்துக்கொண்டு வெளியே வந்தோம். கோணியை மட்டும் மூன்று தரம் உதறுவேன். அந்தப் படங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவை உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

இப்போது கோமுவுக்கு வருகிறேன். கோடை லீவுக்கு வந்தபோது மேலத் தெரு வீட்டில் டி.வி. பார்க்கக் கூட்டிப்போனேன். வானத்தில் கப்பல் விட்டுக்கொண்டு போகிறவர்கள் கதை, இந்தியில் வந்தது. சுற்றி இருந்த யாருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. கோமு எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள். "ஆச்சி, அந்தக் காது நீளமா இருக்கவன் இவங்க ஊருக்கு மாப்பிள்ளயா வந்தவன். சாப்பாட்டுல உப்பு இல்லன்னு கோவிச்சுட்டுப் போறான்." வீட்டுக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்று வழியாக என்ன வந்தது என்று கேட்டாயே ஆவுடை, இதுதான் வந்திருக்கிறது. உன்னைத் தாண்டி அவளிடம் போயிருக்கிறது. நான் வாயைப் பொத்தாமல் இருந்தால் உன்னிடமும் தங்கியிருக்குமோ என்னவோ.

வைக்கோல் படப்புக்குப் பின்னால் பொம்பளை நிற்கிறாள் என்று அவள் சொன்னால், அந்தப் பொம்பளை என்ன சேலை கட்டியிருக்கிறாள், எங்கிருந்து வந்தாள் என்று கேட்டுப் பார். அவள் கதை சொல்லுகிறாள் என்றால் சந்தோஷமாகச் சொல்லுவாள், உனக்கே தெரிந்துவிடும். அப்படி இல்லாமல் நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னால், மடியில் வைத்துக்கொண்டு என்ன பயம் என்று கேள். தூக்கத்தில் கத்துகிறாள் என்றால் உடம்பு சூடா, வயிற்று வலியா, காது வலியா என்று பார், டாக்டரிடம் கூட்டிப்போ. யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று தனியாக விசாரி. உன் கடிதத்தில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய், கோமு உன்னிடம் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. நீ என்னிடம் இரண்டே வார்த்தை சொன்னாய், நான் கேட்கவில்லை. புத்தகப் பையை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கு. இதில் மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்லுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ அறிவதற்கு முன்னால் அவர் அறிய வேண்டும் என்று தோன்றியது. உனக்காக அவர் எத்தனை கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தார், எத்தனை தரம் மொட்டை போட்டார் என்று உனக்குத் தெரியும். தறியில் நின்று நின்று காய்த்துப்போன மனிதர், அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ள காலு வலிக்குன்னு உங்கிட்ட சொல்லுச்சா?"

"சொன்னா."

"நீ கேக்கல."

"கேக்கல."

"நானும் பதினெட்டு வருசமா கேக்கலையே அவகிட்ட" என்றார். இரவு என் கையால் சாப்பிடவில்லை. இன்று காலையில் வெளியே போய்விட்டு வந்து வாசலில் நின்றபடியே, "எழுதி முடிச்சிட்டியா? பத்தே முக்காலுக்குச் சிவகிரி பஸ். நான் கொண்டு போறேன்" என்றார். இந்தக் கடிதத்தை உன் கையில் தருகிறவர் அவர்தான். நீ படித்து முடிக்கும் வரை ஒன்றும் பேச மாட்டார். அவரிடம் நீயாகப் பேசு. ஷெட்டில் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்துப் பார். வெள்ளி கறுத்துவிட்டது, துலக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்த வேண்டாம். உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வா, கோமுவையும் கூட்டிக்கொண்டு வா. சக்கரத்தின் பக்கம் போகாமல் நேரே உண்டியலுக்குப் போய், எல்லோரும் பார்க்க, அந்தத் தேளை உன் கையால் போடு. இது எதற்கு என்று உன் மாமியார் கேட்பார்கள். என் மகளை ஏழு வயதில் தேள் கொட்டியது, அவள் முக்கால் மணி நேரம் சத்தம் போடாமல் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இந்த ஊரில் அவளைப் போல நெஞ்சுரம் உள்ள பிள்ளை கிடையாது என்று நான் பதில் சொல்லுகிறேன். சன்னதியில் நின்று உரக்கச் சொல்லுகிறேன். இசக்கியக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. கோமுவை மட்டும் என்னிடமிருந்து பிரித்துவிடாதே. அவள் பேய்ப்படம் பார்க்கட்டும், நிலாவுக்குப் போகிற படம் பார்க்கட்டும், தன் இஷ்டத்துக்கு வசனம் சொல்லட்டும். பார்க்கும்போது பக்கத்தில் நீ இரு. நடுவில் அவள் அலறினால், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நீ எழுந்து விளக்கைப் போட்டு முதலில் அவள் காலைப் பார்.

உன் அம்மா